பழைய ரேஸ் கார் எஞ்சினில் ஒயில் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பழைய மினி, மொரிஸ் மைனர், எஸ்கோர்ட் போன்ற கார்களை மலையேற்றப் போட்டிக்கும் சுற்றுப்பாதை ஓட்டத்துக்கும் கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒயிலைப் பற்றியவை. திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருவதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

உதாரணங்கள் பெரும்பாலும் ஏ-சீரிஸ் எஞ்சினிலிருந்துதான். 1951-இல் ஒஸ்டின் ஏ30 என்ற காரில் 803 சிசி-யாக வந்து, 1959-இல் மினிக்குள் குறுக்காக உட்கார்ந்து, 1964-இல் மினி கூப்பர் எஸ்-இல் 1275 சிசி ஆன எஞ்சின் அது. வேறு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் சோதிக்கும் முறை ஒன்றே. அளவுகளை மட்டும் அந்தந்த எஞ்சினின் கைநூலில் பாருங்கள்.

என்ன ஒயில் ஊத்துறது நல்லம், அண்ணா?

நல்ல 20டபிள்யூ-50 மினரல் ஒயில். பழைய எஞ்சின்களில் வால்வைத் திறக்கும் கேம் தண்டின் மேட்டில் (லோப்) டேப்பட் வழுக்கித்தான் ஓடும், உருளை கிடையாது. அந்த இடத்தில் உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பது ஒயிலில் கலந்திருக்கும் சிங்க்-பொஸ்பரஸ் சேர்க்கை. புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஒயில்களில், புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரைக் காப்பாற்ற, பொஸ்பரஸை 0.08 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். கூர்மையான கேமும் கடினமான வால்வ் ஸ்பிரிங்கும் போட்ட எஞ்சினுக்கு அது போதாது. சிங்க் 1000 முதல் 1300 பிபிஎம் வரை உள்ள ஒயிலைத் தேடுங்கள். கிளாசிக் கார்களுக்கென்று விற்கும் ஒயில்களின் விபரத்தாளில் அது எழுதியிருக்கும்.

மினிக்காரருக்கு இன்னொரு விஷயம். மினியில் கியர்பொக்ஸும் எஞ்சினும் ஒரே ஒயிலில் ஓடுகின்றன. ஒயிலைத் தடிப்பாக வைத்திருக்கும் பொலிமரைக் கியர் பற்கள் அரைத்து வெட்டிவிடும். அதனால் மொரிஸ் மைனரில் நன்றாக இருக்கும் அதே ஒயில் மினியில் சீக்கிரமே மெலிந்துபோகும். போட்டிக்கு ஓடும் மினியில் ஒயிலை நிறம் பார்த்து மாற்றாதீர்கள். ஓடிய அளவு பார்த்து, அதுவும் அடிக்கடி மாற்றுங்கள்.

சிந்தெட்டிக் போட்டா பழைய எஞ்சின் ஒழுகும் எண்டு சொல்றாங்களே, உண்மையா?

ஏற்கெனவே கசியக் காத்திருந்த இடத்தில் கசியும். நல்ல சீலை அது கெடுக்காது. புதிதாகக் கட்டிய எஞ்சினுக்கு பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்தி உட்காரும் வரை மினரலே போடுங்கள். அதற்குப் பிறகு பணமும் விருப்பமும் இருந்தால் மாறலாம்.

ஒயில் பிரஷர் எவ்வளவு இருக்கணும்?

நன்றாகச் சூடான ஏ-சீரிஸ் எஞ்சினில், ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்தக் கணக்கு) அளவும், ஐட்லிங்கில் 15 பிஎஸ்ஐ அளவும் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பொதுவாக ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ என்று கணக்கு வைப்பார்கள். குளிர்ந்த எஞ்சினில் 80 காட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். அது ஒயிலின் தடிப்பைத்தான் காட்டுகிறது.

டாஷ்போர்டில் வரும் சிவப்பு விளக்கை ரேஸ் காரில் நம்பவே கூடாது. அதன் சுவிட்ச் பொதுவாக 10 பிஎஸ்ஐக்கும் கீழே விழுந்த பிறகுதான் பற்றும். 6000 சுற்றில் அது பற்றும்போது பேரிங் முடிந்திருக்கும். ஒரு மெக்கானிக்கல் மீட்டரும், 20 அல்லது 30 பிஎஸ்ஐயில் பற்றும் சுவிட்சோடு கண்ணுக்கு நேரே ஒரு பெரிய விளக்கும் போடுங்கள். போட்டியின்போது மீட்டரைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

சூடான பிறகு பிரஷர் விழுது. பேரிங் போயிட்டுதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பல பேர் நேரே எஞ்சினைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மலிவான சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் மீட்டர். வேறொரு நல்ல மீட்டரை நேரடியாக பிளாக்கில் பூட்டிப் பாருங்கள். பழைய மீட்டர் 15 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டுவது அபூர்வமல்ல. அப்புறம் ஒயில் வெப்பநிலை. கொழும்பின் காலி வீதியில் (Galle Road) மதிய நெரிசலில் ஊர்ந்து வந்த காரில் ஒயில் 120 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தால், பிரஷர் குறைவது இயல்பு. 95 பாகையில் என்ன காட்டுகிறது, 115-இல் என்ன காட்டுகிறது என்று இரண்டையும் எழுதி வையுங்கள். வெப்பநிலை தெரியாமல் சொல்லும் பிரஷருக்கு அர்த்தமில்லை.

மூன்றாவது ரிலீஃப் வால்வ், அதாவது அளவுக்கு மிஞ்சிய பிரஷரைத் திறந்துவிடும் வால்வ். ஏ-சீரிஸில் பிளாக்கின் பக்கத்தில் தொப்பி நட் ஒன்றைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் கையில் வரும். பிளஞ்சர் உட்காரும் இடத்தில் ஒரு சிறு உலோகத் துணுக்கு சிக்கியிருந்தாலே போதும், வால்வ் முழுதாக மூடாது. பிளஞ்சரின் முகத்தில் மூடும் வளையம் முழுச் சுற்றாகத் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் விட்டுவிட்டுத் தெரிந்தால் கசிவு அங்கேதான். நான்காவது, ஒயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன். இந்த நான்கும் சரியென்றால்தான் சம்பை, அதாவது அடியில் ஒயில் நிற்கும் தொட்டியை, திறந்து பேரிங் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் கட்டியான ஒயில் ஊத்தினா மீட்டர் ஏறுமே, அது போதாதா?

ஏறும். ஆனால் பேரிங்குக்குப் போகும் ஒயில் குறையும். மீட்டர் காட்டுவது ஒயில் ஓடுவதற்கு இருக்கும் தடையை. பேரிங்குக்குத் தேவை ஓட்டம். தேய்ந்த பேரிங்குக்குத் தடித்த ஒயில் ஊற்றி முள்ளை மேலே தூக்கிவிட்டால், நோய் அப்படியே இருக்கும், அதைச் சொல்லித் தந்த ஒரே சாட்சியின் வாயையும் மூடிவிட்டீர்கள். எஞ்சினை விற்கப் போகிறவர்கள் செய்யும் வேலை அது. போட்டிக்கு ஓடப் போகிறவர் செய்யக் கூடாது. ரிலீஃப் வால்வ் ஸ்பிரிங்கின் அடியில் வொஷர் போட்டு பிரஷரை ஏற்றுவதும் இதே வகைதான்.

புதுசா கட்டின எஞ்சின். கிராங்க் பண்ணிக்கொண்டே இருக்கிறன், மீட்டர் அசையுதேயில்ல.

நிறுத்துங்கள். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பேரிங்கின் சுமையைக் குறையுங்கள். காய்ந்த பம்ப் காற்றை இழுக்குமே தவிர ஒயிலை இழுக்காது. பம்பைப் பூட்டும் முன் உள்ளே ஒயிலோ பெட்ரோலியம் ஜெலியோ வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லையென்றால், மீட்டர் பைப் பூட்டும் துளையைத் திறந்து, அதன் வழியாக ஒயிலைப் பின்னோக்கி கேலரிக்குள், அதாவது பிளாக்கின் ஒயில் வழிக்குள், செலுத்துங்கள். பில்டரையும் நிரப்பிப் பூட்டுங்கள். அப்புறம் பிளக் இல்லாமல் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் முள் அசைய வேண்டும்.

அப்போதும் அசையவில்லையென்றால் நான் பார்க்கும் வரிசை இது: ஒயில் உறிஞ்சும் பைப்பின் ஓ-ரிங் அல்லது கேஸ்கட் சரியாக இருக்கிறதா, பம்ப் கேஸ்கட் துளைகள் நேராக இருக்கின்றனவா, லேத் கடையில் கழுவக் கழற்றிய கேலரி பிளக்குகள் எல்லாம் திரும்பப் போட்டாயிற்றா, கேம் பேரிங் துளை பிளாக்கின் துளையோடு பொருந்துகிறதா. கடைசி இரண்டும்தான் எஞ்சினை மறுபடி இறக்க வைக்கும் பிழைகள். கட்டும்போதே டோர்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை.

சிலிக்கன் கேஸ்கட் பசை பற்றியும் சொல்ல வேண்டும். சம்ப் விளிம்பில் தாராளமாகப் பூசினால், வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். அது நூலாக அறுந்து விழுந்து உறிஞ்சும் வலையில் ஒட்டிக்கொள்ளும். நல்ல பம்ப், நல்ல பேரிங், ஆனாலும் சுற்றுக் கூடக்கூட பிரஷர் குறைகிறதென்றால் இந்த வலையைச் சந்தேகியுங்கள்.

முதல் ஸ்டார்ட்டில என்ன கவனிக்கணும்?

புதுக் கேமும் புது டேப்பட்டும் என்றால், பற்றியவுடன் 2000 முதல் 2500 சுற்றுக்குள் வைத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். ஐட்லிங்கில் விடாதீர்கள், கேமுக்கு ஒயில் தெறித்துப் போவது சுற்றில்தான். முடிந்தவுடன் ஒயிலையும் பில்டரையும் மாற்றி, பழைய பில்டரை வெட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு ரிங் உட்காருவதற்குச் சுமை வேண்டும்: கியரில் பாதித் துரொட்டிலில் இழுத்து, விட்டு, மறுபடி இழுக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் மணிக்கணக்காக உறுமவிட்டால் சிலிண்டர் சுவர் மெருகேறி, ரிங் கடைசி வரை உட்காராது.

ஒயில் மூடிக்குள்ள மில்க் டீ மாதிரி இருக்கு. ஹெட் கேஸ்கட் போச்சா?

மூடியில் மட்டும் இருந்தால், பெரும்பாலும் இல்லை. கொழும்பின் ஈரக் காற்றில், குறுகிய ஓட்டம் ஓடி நிறுத்திய எஞ்சினில் நீராவி குளிர்ந்து மூடியிலும் ராக்கர் கவரிலும் படிவது சாதாரணம். நுவரெலியாவில் குளிர்ந்த காலையில் நாலைந்து தடவை மட்டும் ஏற்றம் ஓடி நிறுத்திய காரிலும் இதைப் பார்க்கலாம். ஒயில் 90 பாகைக்கு மேல் அரை மணி நேரம் ஓடினால் மறைந்துவிடும்.

டிப்ஸ்டிக்கிலும் அதே நிறமென்றால் சோதிக்க வேண்டும். ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியை அடுப்பில் சூடாக்கி, தீயை அணைத்து, தள்ளி நின்று டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும், இல்லையென்றால் அமைதியாகப் பரவிப் புகையும். வெடித்தால் ரேடியேட்டருக்குப் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள், பிளக்குகளைக் கழற்றி எந்தச் சிலிண்டர் ஈரமென்று பாருங்கள். தண்ணீர் கலந்த ஒயிலில் எஞ்சினை ஓட்டாதீர்கள். பேரிங்கின் மேல் பூச்சு அதில் அரித்துப் போகும்.

நான் ஒயில் ஊத்தவேயில்ல, ஆனா அளவு கூடிக்கொண்டு போகுது!

பெட்ரோல் இறங்குகிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். விரலிடையில் தேய்த்தால் ஒயிலின் வழவழப்பு இருக்காது. காரணங்கள் மூன்று: மெக்கானிக்கல் பம்பின் டயப்ரம் கிழிந்திருக்கலாம்; எஸ்யூ கார்பரேட்டரின் நீடில் வால்வ் மூடாமல் இருக்கலாம்; வெபர் கார்பரேட்டரில் ஜெட் மிகப் பெரிதாக இருக்கலாம். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

100 பாகையில் 50 தர ஒயிலின் பிசுக்குமை குறைந்தது 16.3 சென்டிஸ்டோக், 30 தரத்துக்கு அது 9.3 முதல் 12.5 வரை. பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகக் கலந்தாலே நீங்கள் ஊற்றிய 50, 30 ஆகிவிடும். மேலே சூடான பிறகு பிரஷர் விழும் கேள்வியில் இதை நான்காவதாகச் சேர்த்தது அதனால்தான். காரணத்தைத் திருத்திய பிறகே ஒயிலை மாற்றுங்கள்.

பில்டருக்குள்ள மினுங்குது. எஞ்சின் முடிஞ்சுதா?

எது மினுங்குகிறது என்பதைப் பொறுத்தது. இரும்பு வாளால் பில்டரை அறுக்காதீர்கள், வாளின் துகளே உள்ளே விழுந்து ஏமாற்றும். பில்டர் வெட்டும் கருவியால் திறந்து, மடிப்புத் தாளை வெட்டியெடுத்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்கி ஒயிலைப் பிழியுங்கள். பிறகு வெள்ளைத் துணியின் மேல் விரித்து வெயிலில் பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாதது வெயிலில் பளிச்சென்று தெரியும்.

காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: கேம், டேப்பட், ரிங், மினியில் கியரும். மினியின் காந்த டிரெயின் பிளக்கில் சாம்பல் நிறப் பசை போல் இருப்பது எப்போதும் உள்ளதுதான். ஊசி போலவோ சில்லுப் போலவோ இருந்தால் கியர்பொக்ஸைப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத வெண் துணுக்கு அலுமினியம், பிஸ்டன் உரசியிருக்கும். மங்கிய சாம்பல் செதில்கள் பேரிங் ஷெல்லின் (பேரிங்கின் அரைவட்டத் தகட்டின்) மேல் பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் அந்தப் பூச்சைத் தாண்டி அடியில் உள்ள செம்பு அடுக்குக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு ஒரு போட்டியும் ஓடாதீர்கள். ஆனால் மினியில் கிளட்சிலிருந்து கியர்பொக்ஸுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பிரைமரி கியருக்கு வெண்கல புஷ் உண்டு. மஞ்சள் சாயலுள்ள செதில் அதிலிருந்தும் வரும். கிராங்க்கைக் குற்றம் சொல்லும் முன் அதைப் பாருங்கள்.

நீலப் புகை வருது. ரிங்கா, வால்வ் கைடா?

கடுகண்ணாவை இறக்கத்தில் துரொட்டிலை விட்டு இறங்கி, கீழே வந்ததும் மிதித்துப் பாருங்கள். அப்போது ஒரு பெரிய நீலக் கட்டி வந்து பிறகு தெளிந்தால் வால்வ் கைட் (வால்வின் தண்டு ஓடும் குழல்). ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங். உறுதி செய்ய கம்ப்ரஷன் பாருங்கள், பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வ்.

பின்னால ஒழுகுது. சீல் மாத்தியும் நிக்கல்ல.

முதலில் ஒயில் உண்மையில் பின்னாலிருந்துதான் வருகிறதா? ராக்கர் கவர், டேப்பட் கவர், பெட்ரோல் பம்ப் என எங்கிருந்து கசிந்தாலும் காற்றில் பின்னோக்கி வழிந்து பெல் ஹவுசிங்கில்தான் சொட்டும். எஞ்சினை நன்றாகக் கழுவிக் காயவைத்து, டல்கம் பவுடர் தூவி ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். வந்த வழி கோடாகத் தெரியும்.

மொரிஸ் மைனரிலும் மற்ற நேர் (நீளவாக்கில் பூட்டிய) ஏ-சீரிஸ் எஞ்சின்களிலும் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்கில் வெட்டிய மரை ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளும், அவ்வளவுதான். கிராங்க் கேஸில் காற்றழுத்தம் ஏறினால் அந்த மரையால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இந்த எஞ்சின்களில் பின் கசிவுக்கு மருந்து பெரும்பாலும் பிரீதரில், அதாவது கிராங்க் கேஸின் காற்று வெளியேறும் வழியில், இருக்கிறது: அகலமான ஹோஸ், காற்றோடு வரும் ஒயிலைப் பிடிக்கும் கேட்ச் டாங்க், அடைபடாத வழி. பிரீதர் சரியாக இருந்தும் அழுத்தம் நிற்கவில்லையென்றால் ரிங் வழியாக வாயு இறங்குகிறது. மேலே சொன்ன சோதனைக்குத் திரும்புங்கள். மினியில் நிலைமை வேறு. அங்கே பிரைமரி கியருக்குச் சீல் உண்டு, அது போனால் கிளட்ச் நனைந்து வழுக்கும்.

நேரா போகும்போது 60. வளைவுல மட்டும் முள் விழுது.

ஒயில் சம்பின் ஒரு பக்கம் ஓடிவிட, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. ரோட்டில் ஓடும்போது இது தெரியாது. ஒட்டும் டயர் போட்டு, கட்டுக்குருந்தை போன்ற திறந்த தளத்தில் நீண்ட வளைவு எடுக்கும்போதுதான் தெரியும். முள் ஒரு நொடி விழுவதை அலட்சியம் செய்யாதீர்கள். 6000 சுற்றில் ஒரு நொடிக்கு கிராங்க் 100 தடவை சுற்றுகிறது.

முதலில் ஒயில் அளவை மேல் கோட்டிலிருந்து அரை லீட்டர் கூட்டிப் பாருங்கள். விழுவது குறைந்தால் காரணம் உறுதி. நிரந்தரத் தீர்வு, சம்புக்குள் தடுப்புத் தகடு. மினிக்கு நடுவிலிருந்து உறிஞ்சும் பைப். அதற்கும் மேல் போனால், அழுத்தத்தில் ஒயிலைச் சேமித்து பிரஷர் விழும்போது விடும் பிரஷர் அக்யுமுலேட்டர். முள் விழாமல் நடுங்கினால் அது வேறு கதை: ஒயிலில் நுரை. நேர் எஞ்சினில் அளவுக்கு மேல் ஒயில் ஊற்றி கிராங்க் அதை அடித்துக் கலக்கினாலும், உறிஞ்சும் பைப்பில் வெடிப்பு இருந்தாலும் நுரைக்கும்.

கொழும்பு வெயிலுக்கு ஒயில் கூலர் கட்டாயம்தானே?

மீட்டர் கேட்டால் போடுங்கள், வெயில் கேட்கிறதென்று போடாதீர்கள். போட்டி ஓட்டத்தில் 90 முதல் 110 பாகைக்குள் நின்றால் தேவையில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் முடியும் மலையேற்றத்துக்குப் பல நேரம் ஒயில் சூடேறாததுதான் பிரச்சினை. போடுவதென்றால் தெர்மோஸ்டட் தகட்டோடு போடுங்கள். இல்லையென்றால் நுவரெலியாவில் 60 பாகையைத் தாண்டாது, தண்ணீரும் பெட்ரோலும் ஒயிலிலேயே தங்கிவிடும்.

எல்லாம் புதுசு. ஆனா ஒரே சிலிண்டர்ல திரும்பத் திரும்ப பேரிங் போகுது. என்ன செய்ய?

முதல் தடவை பேரிங் போனபோது இருந்த ஒயில் கூலர் இன்னும் காரில் இருக்கிறதா? அதன் மெல்லிய வழிகளுக்குள் தங்கிய உலோகத் துகளை எந்தப் பெட்ரோலாலும் முழுதாகக் கழுவ முடியாது. அது ஒவ்வொரு போட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கூலரையும் ஹோஸையும் தூக்கி எறியுங்கள். விலை அதிகம்தான், கிராங்க் அதைவிட அதிகம். ஆனால் துகள் பிரச்சினை பொதுவாக எல்லா பேரிங்கையும் கீறும். ஒரே சிலிண்டர் மட்டும் போகிறதென்றால் அந்தச் சிலிண்டருக்கே உரிய காரணம் இருக்கிறது.

கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஷெல்லின் முதுகைப் பாருங்கள். 010, 020 என்று, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20 பங்கு என்று, அச்சடித்திருக்கும். கிராங்க்கை எவ்வளவு கடைந்தார்களோ அதுவும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியில் எழுதியதை நம்பாமல் ஒவ்வொரு ஷெல்லையும் திருப்பிப் பாருங்கள், பெட்டி மாறிய ஷெல் வருவதுண்டு. பிறகு பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் பிளாஸ்டிக் நூலை வைத்து இடைவெளி அளவிடுங்கள். 2 அங்குல ஜர்னலுக்கு (பேரிங் உட்காரும் கிராங்க் பகுதிக்கு) 0.002 அங்குலம் நல்ல தொடக்கம். அடுத்து, கனெக்டிங் ரொட்டின் பெரிய கண். பேரிங் இல்லாமல், மூடியைச் சரியான டோர்க்கில் பூட்டி, மூன்று திசையில் அளவெடுங்கள். ஒரு தடவை பேரிங் எரிந்த ரொட் முட்டை வடிவமாகியிருக்கும். அதற்குள் எத்தனை புது ஷெல் போட்டாலும் நிற்காது.

இரண்டும் சரியென்றால் அந்த ஜர்னலுக்கு வரும் கிராங்க் துளைக்குள் கம்பி விட்டுப் பாருங்கள். கடைந்த பிறகு கழுவாமல் விட்ட துளையில் அரைத்த தூள் கட்டியாக இருக்கும். கடைசியாக அந்தச் சிலிண்டரின் பிளக்கை லென்ஸில் பாருங்கள். பீங்கானில் மிளகுத் தூள் போல் கறுப்புப் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியப் புள்ளிகளோ இருந்தால் அங்கே டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் தானாக வெடிப்பது) நடக்கிறது. மேல் ஷெல் அடிபட்டு, கீழ் ஷெல் புதிதாகவே இருப்பதும் அதே அடையாளம். அப்படியென்றால் ஒயிலை விட்டுவிடுங்கள். டைமிங்கையும் அந்தச் சிலிண்டருக்குப் போகும் கலவையையும் பாருங்கள்.